எந்த டைவ் கம்ப்யூட்டர் உங்களுக்கு? முதன்முறை வாங்குபவர்களுக்கான வழிகாட்டி

முக்குளிப்பின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரமே, தண்ணீருக்குள் படமெடுக்கும் கேமராவின் விலையைப் பலர் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்றுதான் அவர்களிடம் முதலில் சொல்வேன். முகத்துக்குப் பொருந்துகிற முகமூடி ஒன்றை வாங்குங்கள். அடுத்து வாங்க வேண்டியது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர். டேங்க் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. அங்கி, குளிர் தாங்க உதவும் வெட்சூட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாறினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்பது உங்கள் உடம்பில் ஏறிய நைட்ரஜனுக்குக் கணக்கு எழுதும் பேரேடு. ஒருவருடைய பேரேட்டில் இன்னொருவர் கணக்கை எழுத முடியாது.

பதினைந்து ஆண்டுகளாக முக்குளித்து வருகிறேன். புதியவர்களை அழைத்துக்கொண்டு இறங்குவதே இப்போது என் வேலையில் பெரும்பகுதி. "எந்தக் கம்ப்யூட்டர் நல்லது?" என்று யார் கேட்டாலும், "அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தக் கடலில், எத்தனை மீட்டரில், ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கப்போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், அது போடும் கணக்கு

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கரையில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் 1 பார். கடலில் 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் அது கூடிக்கொண்டே போகிறது: 18 மீட்டரில் 2.8 பார், 30 மீட்டரில் 4 பார். ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருவதால், ஆழம் கூடக் கூட நைட்ரஜன் அதிகமாக இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியாக அது வெளியேறிவிடும். அவசரப்பட்டு வந்தால், கோலி சோடாவின் கோலியை அழுத்தியதும் பொங்குகிறதே, அதுபோல உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கி கை கால் விளங்காமல் போவது வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடியது அது.

மன்னார் வளைகுடாவில் காலில் கல்லும் இடுப்பில் கயிறுமாக முத்துக்குளித்தவர்கள் ஒரே மூச்சுக் காற்றோடு போய் வந்தார்கள். ஒரு மூச்சில் கரையக்கூடிய நைட்ரஜன் கொஞ்சம்தான். நாம் முதுகில் கட்டிக்கொண்டு போகும் அலுமினிய டேங்கில் 11 லிட்டர் கொள்ளளவில் 200 பார் அழுத்தம், அதாவது 2,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று இருக்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இலங்கையின் கடற்கரைகளில் டேங்க் கட்டிக்கொண்டு சங்கும் கடலட்டையும் எடுக்கும் தொழிலாளர்களில், ஒரே நாளில் பல டேங்குகளைத் தீர்த்துவிட்டு எந்தக் கணக்கும் இல்லாமல் மேலே வந்து கால் விளங்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைரியத்துக்கோ கடல் அறிவுக்கோ குறைவில்லை. கணக்குச் சொல்ல மணிக்கட்டில் ஒரு கருவி இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு 1908இல் தொடங்கியது. ஜான் ஸ்காட் ஹால்டேன் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து அட்டவணை வெளியிட்டார். சீக்கிரம் நிரம்பும் திசு, மெதுவாக நிரம்பும் திசு என்று உடம்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். இன்று பரவலாக இருக்கும் சூரிச் மருத்துவர் பியூல்மானின் கணக்கில் 16 பகுதிகள் உண்டு. மிக வேகமான திசு பாதி நிரம்ப 4, 5 நிமிடம் போதும். மிக மெதுவானதற்கு 635 நிமிடம், பத்தரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நேற்றுக் காலை இறங்கியது இன்றைய கணக்கிலும் நிற்பது இதனால்தான்.

வழியில் நிற்காமல் மேலே வருவதற்கு எவ்வளவு நேரம் வரை கீழே இருக்கலாம் என்று அட்டவணையில் பார்த்தால் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம் என்று இருக்கும். முக்குளிப்புப் பயிற்சிக்கான பாடி (PADI) அமைப்பின் அட்டவணை அது. நீங்கள் 18 மீட்டரில் பத்து நிமிடம் மட்டும் இருந்துவிட்டு மீதி நேரத்தை 10 மீட்டரில் கழித்தாலும், முழு நேரமும் 18 மீட்டரில் இருந்ததாகவே அட்டவணை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, நீங்கள் உண்மையில் எங்கே இருந்தீர்களோ அதற்கு மட்டும் கணக்கு எழுதும். 1983இல் இந்தக் கருவிகள் விற்பனைக்கு வந்த பிறகு முக்குளிப்பே மாறிப்போனதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிந்தது ஆழமும் நேரமும் மட்டுமே. இரவு முழுவதும் பஸ்ஸில் கண்விழித்து வந்தீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, உங்களுக்கு 25 வயதா 55 வயதா, எதுவும் அதற்குத் தெரியாது. திரையில் "இன்னும் 12 நிமிடம்" என்று வந்தால், கணிதம் சொல்லும் சராசரி உடம்புக்கு 12 நிமிடம் என்று பொருள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் முக்குளிப்பைத் தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கனவில் இருக்கும் முக்குளிப்பை விட்டுவிடுங்கள். லீவும் பணமும் கைகூடி நிஜமாகவே நடக்கப்போகிறதை மட்டும் எழுதுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை அந்தமான், நான்கு நாள், ஆறு அல்லது எட்டு முக்குளிப்பு. நம்மில் பெரும்பாலானோருக்கு இதுதான் நிஜம். ஹேவ்லாக் தீவைச் (2018 முதல் அதற்குப் பெயர் ஸ்வராஜ் த்வீப்) சுற்றியுள்ள இடங்களில் பாதி 18 மீட்டருக்குள் முடிந்துவிடும். டிக்சன்ஸ் பின்னக்கிள், ஜானீஸ் கார்ஜ் போன்றவற்றுக்கு 30 மீட்டர் வரை இறங்க வேண்டியிருக்கும். அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் சான்றிதழ் வேண்டும். இந்த வகைக்கு க்ரெஸ்ஸி லியனார்டோ, மாரெஸ் பக் போன்ற ஒற்றைப் பொத்தான் கருவி தாராளமாகப் போதும். ஆண்டுக்கு எட்டு முறை இறங்குபவருக்கு உண்மையான எதிரி மறதிதான். பதினோரு மாதம் அலமாரியில் கிடந்த கருவியை எடுத்துப் படகில் உட்கார்ந்து எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்று தடவிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரே பொத்தான் என்றால் மறப்பதற்கு அதிகம் இல்லை.

சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வாரக்கடைசிதோறும் இறங்குபவர் வேறு வகை. நம் கிழக்குக் கரையில் தண்ணீர் ஒரு நாள் கண்ணாடிபோல இருக்கும். மறுநாள் கை நீட்டினால் விரல் தெரியாது. கலங்கிய தண்ணீரில், வெளிச்சம் மங்கிய 20 மீட்டரில், சாம்பல் நிற எல்.சி.டி. திரையைப் படிக்க முயன்று பார்த்தவருக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். இவர்கள் வண்ணத் திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவாகாது. சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும் என்று பயிற்சியில் படித்திருப்பீர்கள். ஆனால் தானே ஒளிரும் திரையை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது அதன் சிவப்பு சிவப்பாகவே தெரியும். எச்சரிக்கை வரும்போது அதன் அருமை புரியும்.

மாலத்தீவிலோ வேறெங்கோ படகிலேயே தங்கி ஒரு வாரம் நாளுக்கு மூன்று நான்கு முறை இறங்குபவருக்கு நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த காற்றுக் கலவை, கட்டாயம் என்றே சொல்வேன். இத்தனை முறை இறங்கும்போது மெதுவான திசுக்கள் காலியாக நேரமே கிடைக்காது; மூன்றாம் நாளுக்குமேல் அது கணக்கில் தெரியத் தொடங்கும். மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்டப்படி 30 மீட்டரே எல்லை. அந்த ஆழத்துக்கு 32 சதவீத ஆக்சிஜன் கலவை பொருத்தமானது.

மூச்சடக்கி முக்குளிக்கும் ஃப்ரீடைவிங்கும் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அந்த முறைமை தனியாக இருக்கும் கைக்கடிகார வகையைப் பாருங்கள். கார்மின் டிசென்ட் போன்றவை இதில் பெயர்பெற்றவை. ஆனால் டேங்க் கட்டி இறங்கிய அன்றே மூச்சடக்கி ஆழத்துக்குப் போகக் கூடாது. பல கருவிகள் ஸ்கூபாவுக்குப் பிறகு ஃப்ரீடைவிங் முறைமையைச் சில மணி நேரம் பூட்டிவைக்கும். அது குறைபாடு என்று எண்ணி வேறு கருவி தேட வேண்டாம்.

கடைசி வகை, மூழ்கிய கப்பல்களின் மேல் பித்துக்கொண்டவர்கள். மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் எனக்கும் பெரிய ஈர்ப்பு. விமானம்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஆனால் அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டிய ஆழம். அங்கே போய்வர, மேலேறும் வழியில் பல இடங்களில் நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வாயுக் கலவைகளை மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். அதற்கு ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் போன்ற டெக்னிகல் கருவியும் அதற்குமுன் நீண்ட பயிற்சியும் தேவை. அதே நாளில் அதே கரையில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு எட்டும் ஆழத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்கச் சாதாரணக் கருவி போதும்.

எட்டு முறை மட்டுமே இறங்கியவர் ஹெர்மிஸை எண்ணி 1,000 டாலர் கருவி வாங்குவதை நான் தடுக்கத்தான் செய்வேன். டெக்னிகல் பயிற்சிக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டவர் என்றால் பேச்சு வேறு. அவர் இரண்டு முறை செலவழிக்காமல் நேராக அதையே வாங்கலாம்.

இரண்டாம் படி: கருவி எவ்வளவு கண்டிப்பானது என்று கேளுங்கள்

விற்பவர் திரையையும் நிறத்தையும் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது, "இது எந்தக் கணக்கு முறையில் ஓடுகிறது? கண்டிப்பை நான் மாற்றிக்கொள்ள முடியுமா?" என்பது. ஒரே படகிலிருந்து ஒன்றாக இறங்கி ஒன்றாகவே நீந்தும் இரண்டு பேரின் கருவிகள், நிற்காமல் மேலேறுவதற்கு மீதமுள்ள நேரத்தை வேறு வேறாகக் காட்டும். இரண்டும் பழுதில்லை. ஒன்று வரம்பை நெருங்க விடும், மற்றொன்று தூரத்திலேயே நிறுத்தும். அப்படிப்பட்ட சமயத்தில் குறைந்த நேரம் காட்டும் கருவியின் சொல்லுக்கே இருவரும் கட்டுப்பட வேண்டும்.

இப்போது வரும் கருவிகள் பல பியூல்மான் கணக்கில் ஓடுகின்றன. கண்டிப்பின் அளவை கிரேடியன்ட் ஃபாக்டர் என்ற இரட்டை எண்ணாகக் காட்டுகின்றன. ஷியர்வாட்டர் கருவிகளின் பொழுதுபோக்கு முறைமையில் 45/95, 40/85, 35/75 என்று மூன்று நிலைகள் இருக்கும். முதல் எண், நைட்ரஜன் வெளியேற வழியில் நிற்கும் நிறுத்தங்கள் எவ்வளவு ஆழத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நிறுத்தக் கட்டாயம் வராத நம்முடைய முக்குளிப்பில் அதற்கு அதிக வேலையில்லை. நமக்கு வேண்டியது இரண்டாம் எண். கணக்கு அனுமதிக்கும் வரம்பில் எத்தனை சதவீதம் வரை நெருங்கி மேலே வரலாம் என்பதை அது சொல்கிறது. 95 என்றால் விளிம்பில் நடப்பது. 75 என்றால் நிறைய இடம் விட்டு நடப்பது. சில நிறுவனங்கள் இதையே பி0, பி1, பி2 என்பதுபோன்ற நிலைகளாக வைத்திருக்கின்றன. புதியவருக்கும், 45 வயது தாண்டியவருக்கும், உடல் பருத்தவருக்கும் நடு நிலை அல்லது அதைவிடக் கண்டிப்பானது போதும். ஐந்து நிமிடம் முன்னதாக மேலே வருவதால் எந்த மீனும் கோபித்துக்கொள்ளாது.

பூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள். கட்டாய நிறுத்தத்தைத் தவறவிட்டு மேலே வந்தால் சில கருவிகள் 24 அல்லது 48 மணி நேரம் கணக்குப் போட மறுத்துவிடும். ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். ஒருமுறை அந்தமானில் எங்கள் குழுவில் வந்த இளைஞர், 30 மீட்டரில் ஆமை ஒன்றின் பின்னாலேயே போய் நேரத்தைக் கவனிக்காமல் விட்டு, அவசரமாக மேலே வந்துவிட்டார். கருவி பூட்டிக்கொண்டது. மீதி இரண்டு நாளும் படகில்தான் இருந்தார். எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி மேலே வந்தவர் குறைந்தது ஒரு நாளாவது தண்ணீரில் இறங்கக் கூடாது. பூட்டு இருப்பது புதியவருக்கு நல்லதே. டெக்னிகல் முக்குளிப்பவருக்கு மட்டும், எது நடந்தாலும் கணக்கை நிறுத்தாத கருவி வேண்டும்.

மூன்றாம் படி: கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது இதைத்தான். இணையத்தில் விலை ஒப்பிடுபவர்கள் தவறவிடுவதும் இதையே. கடையிலோ நண்பரின் கையிலோ கருவியை முக்குளிப்புத் திரைக்குக் கொண்டுவாருங்கள். கை நீட்டிய தூரத்தில் பிடியுங்கள். ஒரு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஆழம் எவ்வளவு? மீதி நேரம் எவ்வளவு? இரண்டையும் சொல்ல முடிந்தால் அது உங்களுக்கான திரை. முடியாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பக் கொடுத்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்து பாருங்கள். தண்ணீருக்குள் அந்தக் கண்ணாடி கூட வராது. மணிக்கட்டுக் கடிகார அளவுக் கருவிகள் அலுவலகத்துக்கும் அணிந்துபோக நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஆழம், நேரம், வெப்பம், திசை, டேங்க் அழுத்தம் எல்லாவற்றையும் திணிக்கும்போது எழுத்து எறும்பளவாகிவிடுகிறது. கண் பார்வை உத்தரவாதமில்லாதவர்கள் பெரிய சதுரத் திரைக்கே போங்கள்.

மேலேறும் வேகத்தை எப்படிக் காட்டுகிறது என்றும் பாருங்கள். புதியவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த ஒரு காட்டிதான். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது பல கருவிகளின் வரம்பு. 6 விநாடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விடும் குமிழிகளில் மிகச் சிறியதை முந்தக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். பக்கவாட்டில் பட்டைபோல ஏறி இறங்கும் காட்டி, வெறும் எண்ணைவிடச் சட்டென்று புரியும். பீப் ஒலி தண்ணீரில் யாருடைய கையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. அதிர்வு எச்சரிக்கை இருந்தால் மிகவும் நல்லது. 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தைக் கருவி தானாகவே எண்ணித் தர வேண்டும்.

பொத்தான்களைக் கையுறையோடு அழுத்திப் பாருங்கள். நம் கடல் 28 டிகிரி வெதுவெதுப்பில் இருந்தாலும், கயிற்றைப் பிடித்து இறங்கும்போது பலர் கையுறை போடுகிறோம்.

நைட்ராக்ஸ், டிரான்ஸ்மிட்டர், பேட்டரி

இன்று விற்கும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் நைட்ராக்ஸ் உண்டு. இல்லாததை யாராவது மலிவாகத் தந்தால் வேண்டாம். அந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை வாடகைக் கருவி ஒன்று எனக்குக் கற்றுக்கொடுத்தது. தொடக்க காலத்தில் ஒரு பயணத்தில் வாடகைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். 22 மீட்டரில் உடன் வந்தவருடைய கருவியைவிட என்னுடையது மிக அதிக நேரம் காட்டியது. முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. முந்தைய நாள் பயன்படுத்தியவர் 32 சதவீதம் என்று வைத்ததை யாரும் மாற்றவில்லை. என் டேங்கில் இருந்ததோ சாதாரணக் காற்று. அட்டவணைக் கணக்கில், 22 மீட்டரில் காற்றுக்கு 37 நிமிடம். 32 சதவீத நைட்ராக்ஸுக்கு அதே ஆழம் ஏறத்தாழ 18 மீட்டராகக் கணக்காகும், அதாவது 56 நிமிடம். இல்லாத 19 நிமிடத்தை அந்தக் கருவி எனக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தது. மற்றவருடைய கருவியைப் பார்த்தே மேலே வந்து அன்றைய முக்குளிப்பை முடித்துக்கொண்டேன். சொந்தக் கருவிக்குச் சேமிக்கத் தொடங்கியது அந்த வாரம்தான். வாடகைக் கருவி கையில் வந்தால் ஆக்சிஜன் சதவீதத்தை நீங்களே பாருங்கள். பயணம் முழுவதும் அதே கருவியைத் தரும்படி கேளுங்கள். இரண்டாம் நாள் வேறொன்று தந்தால், முதல் நாள் உங்கள் உடம்பில் ஏறியது அதற்குத் தெரியாது.

டேங்க் அழுத்தத்தை ரேடியோ அலையில் கருவிக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வசதியானது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் விலையில் இன்னொரு எளிய கம்ப்யூட்டரையே வாங்கிவிடலாம். புதியவருக்கு அது முதல் தேவை கிடையாது. கேமராவின் ஃபிளாஷ் சில சமயம் அதன் சமிக்ஞையைக் குழப்பும். அதை வாங்கினாலும் குழாயில் தொங்கும் அழுத்தமானியைக் கழற்றிவிடாதீர்கள். பின்னாளில் டிரான்ஸ்மிட்டர் சேர்க்க வழியுள்ள கருவியாக வாங்கிவைப்பது நல்ல நடுவழி.

பேட்டரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தீவில் போய் மாட்டிக்கொண்டபின் கேட்பார்கள். சி.ஆர். 2032 என்ற வட்டப் பேட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சி.ஆர். 2430, 2450 போன்றவை சின்ன ஊரில் கிடைப்பது சந்தேகம். ஊரிலிருந்தே இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே பேட்டரி மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் துளி சிலிக்கோன் கிரீஸும். ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். சார்ஜ் செய்யும் வகை என்றால், அதன் கேபிள் பொதுவானதா அந்த நிறுவனத்துக்கே உரிய கவ்வியா என்று பாருங்கள். அந்தக் கவ்வியைச் சென்னையில் மறந்துவிட்டுப் போனால் ஹேவ்லாக்கில் கிடைக்காது.

டிஜிட்டல் திசைகாட்டி இருந்தால் நல்லது. இதயத் துடிப்பு, தொலைபேசி அறிவிப்பு போன்றவற்றை விலையைக் கூட்டும் காரணங்களாக ஏற்காதீர்கள். பதிவுகளைத் தரவிறக்கும் வசதி இருக்கட்டும். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் முக்குளிப்பவர்தான். 2011இல் அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள் பல நிறுவனங்களின் கருவிகளையும் படிக்கும்.

பழைய கருவி வாங்குவதாக இருந்தால் பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

வாங்கிய பிறகு

வீட்டில் ஒரு மாலை முழுவதும் கையேட்டோடு உட்காருங்கள். உப்புத் தண்ணீர், மீட்டர், உள்ளூர் நேரம், ஆக்சிஜன் 21 சதவீதம், கண்டிப்பின் அளவு, இவை ஐந்தையும் கையேட்டைப் பார்க்காமல் அமைக்க வரும்வரை செய்து பாருங்கள். கட்டாய நிறுத்தம் வந்தால் திரை எப்படி மாறும் என்ற பக்கத்தை இரண்டு முறை படியுங்கள். அந்தத் திரையை முதன்முதலாக 30 மீட்டரில் சந்திக்கக் கூடாது. வார் வெட்சூட்டின் மேல் எட்டுகிறதா என்று பாருங்கள். ஆழத்தில் வெட்சூட் நசுங்கி வார் தளரும் என்பதால், ரப்பர் கயிறு மாற்றிக்கொள்வதைப் பலர் விரும்புகிறார்கள், நானும் அப்படியே.

தண்ணீருக்குள் கருவி செத்துப்போனால் செய்ய வேண்டியது ஒன்றே: நண்பரிடம் சைகை காட்டி, மெதுவாக ஏறி, 5 மீட்டரில் நின்று, மேலே வாருங்கள். நண்பரின் கருவியை வைத்துத் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். அவர் உங்களைவிட மூன்று மீட்டர் மேலே இருந்திருக்கலாம். பேட்டரி மாற்றினால் சில மாடல்களில் பழைய கணக்கு அழிந்துவிடும். அப்படி ஆனால் 24 மணி நேரம் இறங்காதீர்கள்.

முக்குளித்து முடித்ததும் திரையில் விமான அடையாளமும் ஒரு நேரக் கணக்கும் வரும். விமானம் ஏறாதவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது பறக்கக் கூடாது, கட்டாய நிறுத்தம் செய்த முக்குளிப்பு என்றால் 18ஐவிடக் கணிசமாக அதிகம். பயணிகள் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சமாக ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்து மலை உச்சிக்குச் சமமாகக் குறையும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100, நுவரெலியா 1,868. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் இரண்டு முறை இறங்கிவிட்டு இரவு பஸ்ஸில் நீலகிரி ஏறுவதும், திருகோணமலையில் காலை முக்குளித்துவிட்டு மாலைக்குள் நுவரெலியா போய்ச் சேருவதும் உடம்பைப் பொறுத்தவரை விமானம் ஏறியதற்குச் சமம். அந்த விமான அடையாளம் அணையும்வரை கடற்கரையிலேயே இருங்கள். மலைக்கான டிக்கெட்டை மறுநாள் இரவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.